பெருங்குடல் அழற்சிக்கு ப்யூட்டிரேட்: மாத்திரையா, பழைய சோறா, இரண்டும் வேண்டாமா?

மலர்விழி_திருச்சி
ஞாயிறு, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. இரண்டு வருடம் முன்பு மலத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து மூன்று மாதம் வீணாகப் போனது. அப்புறம் கொலனோஸ்கோப்பி செய்ததில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் வரும் அழற்சி நோய் என்றார்கள். மலக்குடலில் தொடங்கி இடப்பக்கக் குடல் வரை புண். வீக்கத்தைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரை, அதே மருந்தில் எனிமா, நடுவில் இரண்டு மாதம் ஸ்டீராய்டு. இப்போது ஐந்து மாதமாக ரத்தம் இல்லை. குடல் வீக்கத்தை அறிய மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் ஆரம்பத்தில் 1,100 இருந்தது, போன மாதம் 90.

பிரச்சினை சாப்பாட்டில்தான். நோய் முற்றியிருந்த நேரத்தில் "நார்ச்சத்து கொஞ்ச நாள் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார். தம்பி அதையே பிடித்துக்கொண்டான். இன்று வரை குழைந்த வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, பிரெட், தோல் உரித்த உருளைக்கிழங்கு. அவ்வளவுதான். கீரையைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். பயம்.

போன வாரம் ஒரு மருந்துக் கடையில் ப்யூட்டிரேட் கேப்சூல் என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, "குடல் செல்லுக்கு இதுதான் சாப்பாடு, இதைப் போட்டால் மெசலமைனை மெல்ல நிறுத்திவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தை ஒரு பக்கம் "தினமும் காலையில் பழைய சோறு கொடு, புண் ஓடிப்போகும்" என்கிறார். வீட்டில் இன்னொருவர் நெய்யில் ப்யூட்டிரிக் அமிலம் இருக்கிறது, நெய் ஊற்று என்கிறார்.

இந்த ப்யூட்டிரேட் என்பது என்ன? உண்மையிலேயே குடல் புண்ணுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சேகர்_நுண்ணுயிரியல்
ஞாயிறு, இரவு 11:05

அம்மா மலர்விழி, முதலில் ஒன்று. மெசலமைனை மருந்துக் கடை பேச்சைக் கேட்டு நிறுத்த வேண்டாம். மற்றதை எல்லாம் அதன் பிறகு பேசலாம்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை முப்பது வருடமாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

நாம் சாப்பிடும் நார்ச்சத்தும், சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கிட்டத்தட்ட ஆக்சிஜனே கிடையாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைத்து மூன்று சின்னக் கொழுப்பு அமிலங்களை வெளியேற்றுகின்றன. இரண்டு கார்பன் உள்ள அசிடேட், மூன்று உள்ள புரோப்பியோனேட், நான்கு உள்ள ப்யூட்டிரேட். விகிதம் ஏறக்குறைய 60:20:20. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்பது இவைதான்.

உடம்பின் மற்ற செல்கள் பெரும்பாலும் ரத்தம் கொண்டுவரும் சத்தை நம்பி இருக்கின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்கள் அப்படி இல்லை. அவற்றுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் ப்யூட்டிரேட்டிலிருந்து வருகிறது. அதாவது பாக்டீரியா தின்று கழித்ததை நம் குடல்சுவர் தின்கிறது. 1980-இல் ரோடிகர் என்ற அறுவை மருத்துவர் இதை மனிதக் குடல் செல்களிலேயே அளந்து காட்டினார். அதே ஆண்டு "லான்செட்" இதழில் ஒரு கேள்வியையும் வைத்தார்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது அடிப்படையில் குடல் செல்களின் சக்திப் பஞ்சமா? நோயாளிகளின் குடல் செல்கள் ப்யூட்டிரேட்டை எரிப்பதில் பின்தங்கி இருந்ததை அவர் பார்த்திருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி முழுதாக முடியவில்லை. ஆனால் இந்தத் துறையைத் திறந்துவிட்டது அதுதான்.

ப்யூட்டிரிக் அமில பாட்டிலை ஒருமுறை ஆய்வகத்தில் திறந்தால் மறக்க முடியாது. நாள்பட்டுக் கெட்டுப்போன வெண்ணெய், அதோடு வாந்தி வாடை. கைக்குட்டையில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டது, இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. நம் குடலின் அன்றாடச் சாப்பாடு அது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள்.

நெய் விஷயம்: பால் கொழுப்பில் 3-4 சதவீதம் ப்யூட்டிரிக் அமிலம் இருப்பது சரிதான். ஆனால் அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். புண் இருக்கும் இடம் வரை போய்ச் சேராது. நெய்யை ருசிக்காக ஊற்றுங்கள், மருந்தாக வேண்டாம்.

கோவை_ரகு
திங்கள், காலை 7:15

எனக்கு இந்த நோய் வந்து 11 வருடம். சகோதரி, உங்கள் தம்பியின் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். எனக்கு மூன்றாவது வருடம் நோய் திரும்பியபோது, இணையத்தில் எதையோ படித்துவிட்டு "நார்ச்சத்துதானே நல்லது" என்று தினமும் கொள்ளு சுண்டலும் முருங்கைக்கீரையும் தின்றேன். ஒரு நாளைக்கு ஆறு முறை போய்க்கொண்டிருந்தது பதினைந்து ஆனது. பஸ்ஸில் போக முடியாமல் வேலைக்கு 40 நாள் லீவு போட்டேன்.

சேகர் சார் சொல்வது உண்மை என்றால், கொள்ளும் கீரையும் போனதும் பாக்டீரியா ப்யூட்டிரேட் தயாரித்து எனக்குச் சரியாகி இருக்க வேண்டுமே? ஏன் நேர்மாறாக நடந்தது? யாராவது சொல்லுங்கள். இதை மூன்று மருத்துவர்களிடம் கேட்டுவிட்டேன், "ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள்" என்பதுதான் பதில்.

வானதி_ஆய்வு
திங்கள், மதியம் 1:30

ரகு அண்ணா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. நான் குடல் எதிர்ப்பாற்றலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

நலமாக இருக்கும் குடலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ப்யூட்டிரேட் வெறும் விறகு மட்டும் இல்லை, செய்தியும்கூட. குடல் செல்லுக்கு வெளியே இரண்டு மூன்று பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஜிபிஆர்43, இன்னொன்று ஜிபிஆர்109ஏ. இந்த அமிலங்கள் சாவி போல அவற்றில் பொருந்தும். ஜிபிஆர்109ஏ-வின் பங்கை வெளிக்கொண்டுவந்ததில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் இருந்த வடிவேல் கணபதி குழுவுக்குப் பெரிய இடம் உண்டு. செல்லுக்கு உள்ளே போன ப்யூட்டிரேட், டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் சில மரபணுக்கள் திறந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்றுதான் டி-ரெக் எனப்படும் வெள்ளணுக்களை உருவாக்குகிறது. மற்ற வெள்ளணுக்கள் துள்ளும்போது "போதும், அடங்கு" என்று அமர்த்துவது இவற்றின் வேலை. 2013-இல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் ஓனோ குழு, நியூயார்க்கில் ருடென்ஸ்கி குழு, ஹார்வர்டில் காரெட் குழு என்று மூன்று இடங்களில் ஒரே ஆண்டில், இந்தக் குறுஞ்சங்கிலி அமிலங்கள் டி-ரெக் செல்களைப் பெருக்குவது எலிகளில் காட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் ப்யூட்டிரேட் என்ற சொல் மருந்துக் கடை வரை வந்தது.

எனக்கு இவற்றைவிட ஆச்சரியமானது ஆக்சிஜன் கதை. குடல்சுவர் செல் ப்யூட்டிரேட்டை எரிக்கும்போது நிறைய ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் சுவரிலிருந்து ஆக்சிஜன் குடலுக்குள் கசிவதில்லை. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் ப்யூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. ஒன்றை ஒன்று காப்பாற்றும் வட்டம். ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்த பாக்டீரியாக்களைக் கொன்றால் செல்லுக்கு விறகு இல்லை, ஆக்சிஜன் செலவாகவில்லை, அது உள்ளே கசிகிறது. உடனே ஆக்சிஜனை விரும்பும் ஈ.கோலை, சால்மொனெல்லா வகையறாக்கள் பெருகிவிடுகின்றன. கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் பாய்ம்லர் குழு 2017-இல் எலிகளில் இதை நன்றாகக் காட்டியது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புண் முற்றியிருக்கும்போது இந்த வட்டம் மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது. ஒன்று, தயாரிக்கும் பாக்டீரியா குறைந்திருக்கிறது. இரண்டு, ப்யூட்டிரேட்டை செல்லுக்குள் தூக்கிப்போகும் எம்சிடி1 என்ற வாசல் புரதம் வீக்கத்தில் குறைந்துவிடுகிறது. மூன்று, உள்ளே போனதை எரிக்கும் திறனும் குறைவு. அப்போது கொள்ளு போனால் புளிக்க வைக்க ஆள் இல்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2023-இல் இதைத்தான் பார்த்தது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் வகை நார்ச்சத்து, அதை உடைக்கும் பாக்டீரியா இல்லாத நோயாளிகளில் உடையாமல் அப்படியே எதிர்ப்புச் செல்களில் பட்டு வீக்கத்தைத் தூண்டியது. எல்லா நோயாளிகளிலும் இல்லை, ஒரு பகுதியினரில் மட்டும்.

அதனால் உங்களுக்கு நடந்தது கற்பனை இல்லை அண்ணா. அதற்கு இப்போது ஒரு விளக்கம் இருக்கிறது. கொள்ளில் நடந்தது இதேதான் என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை, ஆனால் இந்த வகையில்தான் இருக்க வேண்டும்.

கோவை_ரகு
திங்கள், மாலை 6:50

நன்றி வானதி. எட்டு வருடம் கழித்து இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மனசு லேசாக இருக்கிறது.

தாதி_சுபா_ரொறன்ரோ
திங்கள், இரவு 10:20

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், ரொறன்ரோவில் ஸ்டோமா பராமரிப்பில் தாதியாக வேலை செய்கிறேன். சேகர் ஐயா சொன்ன சக்திப் பஞ்சத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைத்தான் எழுத வந்தேன்.

சிலருக்குக் குடலை வெட்டி வயிற்றில் வாசல் வைத்துவிடுவார்கள், அதுதான் ஸ்டோமா. மலம் அந்த வாசல் வழியாகப் பைக்குள் போய்விடும். கீழே மிச்சமிருக்கும் மலக்குடல் சும்மா கிடக்கும். அந்தத் துண்டில் முன்பு எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட, சில மாதங்களில் அது சிவந்து, தொட்டால் ரத்தம் கசிகிற நிலைக்கு வரும். ஒருவர் என்னிடம், "தங்கச்சி, அந்தப் பக்கத்தால் ஒன்றுமே போறதில்லை, பிறகு ஏன் சளியும் ரத்தமும் வருது?" என்று கேட்டார். ஒன்றும் போகாததுதான் காரணம். உணவு வராததால் பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை, அமிலம் இல்லை, சுவர் பட்டினி கிடக்கிறது. வாசலை மூடித் திரும்ப இணைத்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே சுகமாகிவிடும்.

1989-இல் "நியூ இங்லண்ட்" மருத்துவ இதழில் ஹாரிக் குழு இப்படிப்பட்ட நான்கு பேருக்கு அந்த மூன்று அமிலங்களையும் கலந்து எனிமாவாகக் கொடுத்தது. சில கிழமைகளில் புண் ஆறியது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தபோது ஆறவில்லை. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும், நான்கே பேர் என்றாலும்.

வானதி_ஆய்வு
செவ்வாய், காலை 8:10

சுபா அக்கா, அருமையான உதாரணம். ஆனால் அதன் தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். 1991-இல் பிரான்சில் இதே நிலையில் இருந்த 13 பேருக்கு, யாருக்கு எது என்று தெரியாத முறையில், இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் இதே கதைதான். 1992-இல் ஜெர்மனியில் ஷெப்பாக் குழு 10 பேருக்கு ப்யூட்டிரேட் எனிமா கொடுத்தபோது நல்ல பலன். 1997-இல் 103 பேரை வைத்து ஆறு வாரம் செய்த ஆய்வில் அமில எனிமா எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும், உப்புத் தண்ணீர் எடுத்தவர்களில் 20 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். புள்ளியியல்படி இதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நோய் கிளம்பிக் கொஞ்ச நாளே ஆனவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது.

நான் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு முறை எனிமா வைப்பதும், 24 மணி நேரமும் பாக்டீரியா சுவரை ஒட்டி உட்கார்ந்து ஊட்டிக்கொண்டே இருப்பதும் ஒன்றா? வாசல் புரதம் குறைந்திருக்கும்போது வெளியே எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே போவது கொஞ்சம்தான்.

மலர்விழி அக்கா கேட்ட கேப்சூலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெருங்குடலில் ஒரு நாளைக்கு இந்த அமிலங்கள் மொத்தமாக 400 முதல் 600 மில்லிமோல் உருவாவதாக வழக்கமான மதிப்பீடு. அதில் ஐந்தில் ஒரு பங்கு ப்யூட்டிரேட் என்றால் 80 முதல் 120 மில்லிமோல், எடையில் 7 முதல் 10 கிராம். 2022-இல் போலந்தில், புதிதாகக் குடல் அழற்சி நோய் கண்டுபிடிக்கப்பட்ட 72 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்து, ஒரு பிரிவுக்கு மட்டும் வழக்கமான சிகிச்சையோடு சோடியம் ப்யூட்டிரேட் 150 மில்லிகிராம் இரண்டு வேளை கொடுத்தார்கள். அதாவது 0.3 கிராம். 12 வாரத்தில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. தம்பிக்குக் கொடுத்த டப்பாவில் ஒரு கேப்சூலுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

மலர்விழி_திருச்சி
செவ்வாய், இரவு 8:30

பார்த்தேன். 300 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு. 0.6 கிராம்தான். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பணம் திரும்ப வரவில்லை, வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சரி.

சேகர் சாருக்கும் வானதிக்கும் நன்றி. தம்பியிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். "பாக்டீரியாவைப் பட்டினி போட்டா அது என்ன செய்யும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சேகர்_நுண்ணுயிரியல்
செவ்வாய், இரவு 10:45

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அது சும்மா இருக்காது. நம்மைத் தின்னும்.

குடல்சுவரின் மேல் ஒரு சளிப்படலம் போர்வை போலக் கிடக்கிறது. பாக்டீரியா நேரடியாகச் சுவரைத் தொடாமல் காப்பது அதுதான். அந்தச் சளியும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டென்ஸ் குழு, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மனிதக் குடலின் 14 வகை பாக்டீரியாக்களை மட்டும் கொடுத்தது. ஒரு கூட்டத்துக்கு நார்ச்சத்து உள்ள தீனி, இன்னொன்றுக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி. இரண்டாவது கூட்டத்தில் சளியைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் பெருகின, சளிப்படலம் மெலிந்தது. பிறகு எலிகளின் குடலைத் தாக்கும் ஒரு கிருமியை இரண்டுக்கும் கொடுத்தபோது, மெலிந்த போர்வை எலிகள்தான் கடுமையாக நோயுற்றன.

எலியில் பார்த்ததை அப்படியே மனிதனுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வருடம் வெள்ளைச் சோறும் பிரெட்டும் மட்டும் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ப்யூட்டிரேட் தயாரிப்பவர்களில் முக்கியமான ஒன்றின் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. நலமான பெரியவர்களின் குடல் பாக்டீரியாக்களில் 5 சதவீதம் அளவுக்கு இது ஒன்றே இருக்கும். 2008-இல் பிரான்சில் சொகோல் குழு, குரோன் என்ற இன்னொரு வகைக் குடல் அழற்சி நோய்க்காகக் குடலை வெட்டியவர்களில் இது குறைவாக இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. வேலூர் சி.எம்.சி. குழுவும் 2013-இல் நம் ஊர் நோயாளிகளிடம் பார்த்தது. இந்த பாக்டீரியா சேர்ந்த லெப்டம் கூட்டமே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன் இரண்டிலும் குறைந்திருந்தது. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மதுரை_உணவியல்_கலா
புதன், காலை 11:00

நான் மதுரையில் உணவியல் ஆலோசகர். இந்தப் பழைய சோறு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதில் நம்பிக்கையும் உண்டு, ஊதிப் பெருக்கலும் உண்டு.

சோறு வெந்ததும் அதன் மாவுச்சத்து விரிந்து, எளிதாகச் செரிக்கும் நிலையில் இருக்கும். ஆற ஆற அதில் ஒரு பகுதி மறுபடி இறுகிப் படிகமாகிறது. அந்தப் பகுதியை நம் நொதிகளால் உடைக்க முடியாது. அதுதான் சேகர் சார் சொன்ன, செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து. இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றில் அளந்திருக்கிறார்கள். புதிதாக வடித்ததில் 100 கிராமுக்கு 0.64 கிராம். அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆற வைத்ததில் 1.30. குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65. ஆக இரவு முழுதும் ஆறிய சோறு 300 கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய 4 கிராம். புதுச் சோற்றில் 2 கிராம். இரட்டிப்பு, ஆனால் மலையளவு இல்லை.

அப்புறம், தண்ணீரில் ஊறும்போது வளர்வது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா. அது ப்யூட்டிரேட் தயாரிப்பதில்லை. ஆனால் லாக்டிக் அமிலத்தைத் தின்று ப்யூட்டிரேட்டாக மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் பெருங்குடலில் இருக்கின்றன. ஒருவர் கழித்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அங்கே எப்போதும் நடக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றையும் குடல் அழற்சி நோயையும் வைத்து ஆய்வில் இறங்கியது செய்திகளில் வந்தது. நம் சாப்பாட்டை நம் ஊரிலேயே அளக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், அசதியோபிரின் போன்றவை, வெளியே வாங்கிய பழைய சோறு சாப்பிடக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர், கழுவிய பாத்திரம், மூடிய மண்பானை, மறுநாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வது நம் வழக்கம். வானதி சொன்ன ஃப்ரக்டான் அதில்தான் இருக்கிறது. முதலில் வெங்காயம் இல்லாமல் தொடங்கலாம்.

என் அனுபவத்தில் ரத்தம் நின்று, கால்புரோடெக்டின் இறங்கி, டாக்டரும் சரி என்ற பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் சேர்ப்பேன். வேகவைத்து மசித்த வாழைக்காய் இரண்டு கரண்டியில் தொடங்குவேன். தோல் சீவி, நார் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் குழைய வேக வைக்க வேண்டும். டாக்காவில் தொடர் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்து நல்ல பலன் கண்டது 2001-இல் வெளிவந்தது. நான்கு நாள் பார்த்து, வயிறு அமைதியாக இருந்தால் பாசிப்பருப்பு, அப்புறம் பூசணி, கேரட். கீரை மிகக் கடைசியில், அதுவும் கடைந்து.

தாதி_சுபா_ரொறன்ரோ
புதன், மாலை 5:15

கலா அக்கா சொன்ன மாவுச்சத்துக்கு வேலூரிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது, அது அழற்சி நோய்க்கு அல்ல, காலராவுக்கு. ராமகிருஷ்ணா குழு சி.எம்.சி.யில் 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் செரிக்காத சோள மாவு லீட்டருக்கு 50 கிராம் கலந்தது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. சாதாரணக் கரைசல் குடித்தவர்களுக்கு மலம் இறுகச் சராசரியாக 91 மணி நேரம். இந்த மாவு கலந்தவர்களுக்கு 57 மணி நேரம். அந்த மாவு பெருங்குடலில் அமிலமாகி, அமிலம் உறிஞ்சப்படும்போது உப்பையும் தண்ணீரையும் கூடவே இழுத்துப்போகிறது. காலரா நஞ்சு சிறுகுடலைப் படாதபாடு படுத்தினாலும் இந்த வழியை அடைப்பதில்லை. சிறுகுடல் கைவிட்ட இடத்தில் பெருங்குடல் காப்பாற்றுகிறது. இதை முதல் தரம் வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கோவை_ரகு
புதன், இரவு 9:00

இசப்கோல் பற்றி யாரும் சொல்லவில்லையே? எனக்கு நான்கு வருடமாக ஒத்துக்கொள்வது அதுதான். இரவு ஒரு தேக்கரண்டி உமி, பெரிய டம்ளர் தண்ணீரில். கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும்.

வானதி_ஆய்வு
வியாழன், காலை 7:40

அதற்கு ஆய்வே இருக்கிறது அண்ணா. 1999-இல் ஸ்பெயினில், நோய் அடங்கிய நிலையில் இருந்த 105 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ஒரு வருடம். ஒரு பிரிவுக்கு இசப்கோல் விதை 10 கிராம் இரண்டு வேளை, ஒரு பிரிவுக்கு மெசலமைன், ஒரு பிரிவுக்கு இரண்டும். நோய் திரும்பியவர்கள் முறையே 40, 35, 30 சதவீதம். இசப்கோல் எடுத்தவர்களின் மலத்தில் ப்யூட்டிரேட் கூடியிருந்தது. ஆனால் யார் எதை எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு அது, ஆட்களும் குறைவு. அவர்கள் பயன்படுத்தியது விதை, நீங்கள் எடுப்பது உமி. அதனால் மெசலமைனுக்குப் பதில் இசப்கோல் என்று யாரும் இதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மூன்றில் குறைவாகத் திரும்பியது இரண்டும் சேர்ந்த பிரிவில்தான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் புகழையும் ப்யூட்டிரேட்டுக்கே கொடுக்கிறோம். சொகோல் குழு பார்த்த பிராஸ்னிட்சி, ப்யூட்டிரேட் தவிர வேறு பொருள்களையும் சுரக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் ஒரு புரதத்தையும் பின்னால் கண்டுபிடித்தார்கள். ஒற்றை அமிலத்தைக் கேப்சூலில் அடைத்தால் அந்தக் கூட்டுக் குடும்பம் முழுதும் கிடைத்துவிடாது.

மலர்விழி_திருச்சி
அடுத்த மாதம், சனி, காலை 10:10

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையின் அச்சுப்பிரதியோடு தம்பியின் டாக்டரைப் பார்த்தோம். முழுதும் படித்தார். "மாத்திரை அப்படியே தொடரட்டும், சாப்பாட்டை மெல்லத் திறக்கலாம்" என்றார். கலா அக்கா சொன்ன வரிசையில்தான் போகிறோம். முதல் நாள் வாழைக்காயை ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. இப்போது வாழைக்காய், பாசிப்பருப்பு, பூசணி ஆகிவிட்டது. பீன்ஸ் சேர்த்தபோது இரண்டு நாள் வாயு, வலி, நிறுத்திவிட்டோம். வாரம் மூன்று நாள் வீட்டுப் பழைய சோறு, வெங்காயம் இல்லாமல், மோர் ஊற்றி. ரத்தம் இல்லை. கால்புரோடெக்டின் அடுத்த மாதம் பார்க்க வேண்டும், வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

புதியவர்_நெல்லை
சனி, மதியம் 2:25

எனக்குக் குரோன் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு இடம் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். நானும் இந்த வாழைக்காய், இசப்கோல் முறையைத் தொடங்கலாமா?

தாதி_சுபா_ரொறன்ரோ
சனி, மாலை 4:50

தம்பி, வேண்டாம். குடல் சுருங்கிய இடம் இருந்தால் இசப்கோல் தண்ணீரில் ஊதி அங்கேயே அடைத்துக்கொள்ளலாம். நார் கூடிய காய்கறியும் அப்படித்தான். இந்த இழையில் பேசியது பெருங்குடலில் புண் ஆறி, அடைப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு. நீங்கள் ஸ்கேன் அறிக்கையோடு உங்கள் குடல் மருத்துவரிடம் கதைத்துவிட்டுத்தான் எதையும் சேர்க்க வேண்டும். சாப்பிட்ட பின் வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.